நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று

உல்ஜானுக்கு முட்டியைப் பற்றி ஒரே கவலைதான். புருஷன் தோக்தோசுன் செத்தால் அவளால் தரையில் உட்கார முடியாது.

அவர்களுடைய மலைக்கிராமமான கோச்கோரில் ஓர் ஆண்பிள்ளை போய்ச் சேர்ந்தால் முற்றத்தில் கம்பளிக் கூடாரம் அடித்து உடலைக் கிடத்துவார்கள். பெண்டாட்டி உள்ளே காலை மடித்துத் தரையில் உட்கார்ந்து, கூட்டம் வரவர ஒப்பாரி வைக்க வேண்டும். மூன்று நாள். தோக்தோசுனுக்கு ஈரலில் புற்று. ஒரு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம் என்றார்கள். அதற்குள் முட்டியை மாற்றிவிடத் துடித்தாள் உல்ஜான். மற்றவர்கள் நடக்க முட்டி மாற்றுவார்கள். இவள் அழுவதற்கு.

தலைநகர் பிஷ்கேக்கில் முட்டி மாற்றும் டாக்டர் எர்மெக் கெட்டிக்காரர்; அதில் அவருக்கே சந்தேகமில்லை. பத்துக் கேள்வி கேட்டு, பதிலைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஆபரேஷனுக்குப் பின்னால் நோயாளிக்குத் திருப்தி இருக்குமா என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். படி ஏற முடிகிறதா, பஸ்ஸில் ஏற முடிகிறதா, கடைக்குப் போக முடிகிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். தரை என்ற பேச்சே அந்தத் தாளில் இல்லை. நாற்காலியிலேயே பிறந்து நாற்காலியிலேயே சாகிறவர்கள் எழுதிய தாள் அது.

"கடைசிக் கேள்விம்மா. புது முட்டி வந்ததும் என்ன செய்யணும்னு ஆசை?"

தோக்தோசுன் மஞ்சள் பூத்த கண்ணோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். உங்கள் சாவுக்கு உட்கார வேண்டும் என்று உயிரோடு இருக்கிறவன் காதுபட எப்படிச் சொல்வாள்? சொன்னால் சாவை வாசலுக்கு அழைத்த மாதிரி. வெளியே போங்கள் என்று அவனை அனுப்பவும் மனசு வரவில்லை.

"நாலு பேர் முன்னால அவமானப்படாம இருக்கணும், தம்பி."

"அதாவது, கோல் ஊணாம நடக்கணும்" என்று டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டினார்.

"ரொம்ப நடக்க வெச்சுடாதீங்க டாக்டர்" என்றான் தோக்தோசுன். "அப்புறம் ஆட்டை விட்டுட்டு என்னை மேய்ப்பா."

மூவரும் சிரித்தார்கள்.

"நல்லா மடங்குமா தம்பி?"

"மடங்கும், மடங்கும். நாற்காலியில ராணி மாதிரி உட்காரலாம். நூத்துக்குத் தொண்ணூத்து மூணு, நீங்க திருப்தியா இருப்பீங்கன்னு வந்திருக்கு."

அவள் காதில் 'மடங்கும்' மட்டும்தான் விழுந்தது.

வசந்தத்தில் ஆபரேஷன். கோடையில் கோலைத் தூக்கிப் போட்டாள். ஆனால் முட்டி நாற்காலிக்கு வேண்டிய அளவு மடங்கி நின்றுவிட்டது. பாதத்தில் துண்டைக் கட்டி, பல்லைக் கடித்து, தினமும் இழுத்துப் பார்த்தாள். அசைந்து கொடுக்கவில்லை. டாக்டரோ நடையைப் பார்த்துப் பூரித்துப் போய், "உங்க வயசுக்கு இது போதும்மா" என்றார். அன்றும் தோக்தோசுன் கூடவே வந்திருந்தான். அன்றும் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பாழாய்ப்போன மௌனத்துக்காகப் பின்னால் தன்னையே எவ்வளவு திட்டிக்கொண்டாள்!

அக்டோபரில் ஒரு காலையில் அவன் போய்விட்டான்.

மருமகள் ஜைனா கூடாரத்துக்குள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். "அத்தை, இதுல உக்காருங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

தோக்தோசுனின் அக்கா காலிச்சா விடுவாளா? "என் தம்பி செத்துக் கெடக்கான், இவளுக்கு ஆசனம் கேக்குதா? கூத்து பாக்கவா வந்திருக்கா?"

உல்ஜான் நாற்காலியைத் தள்ளிவிட்டாள். கூடாரக் கம்பைப் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அந்தக் காலின் மேல் போட்டு மடித்து உட்கார்ந்தாள். முட்டிக்குள்ளே ஏதோ அறுந்தது. அவள் போட்ட அலறலில் முற்றத்துக் குதிரைகள் மிரண்டன.

"அடியாத்தே, என்ன அழுகை!" என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். காலிச்சாவே அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

முட்டி வீங்குவதைக் கண்ட ஜைனா பதறினாள். "ஆம்புலன்சைக் கூப்பிடறேன் அத்தை."

"கூப்பிடாதேடி. இப்ப எழுந்தா மறுபடி உக்கார முடியாது."

ஏழு மாதமாக மனசுக்குள் அவனுக்கென்று ஒப்பாரி கட்டி வைத்திருந்தாள். அவன் குதிரையை, அவன் கேலியை, பனியில் இவளைச் சுமந்து வந்ததை எல்லாம் வரிவரியாகக் கோத்திருந்தாள். அதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. மூன்று நாளும் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள், இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று சொல்லிப் போனார்கள். முட்டிக்காகத்தான் அழுகிறோம், அவனுக்காக இல்லை என்பது உல்ஜானுக்குத் தெரியும்.