ஆட்சேபம் உள்ளவர் எழுந்து நிற்கலாம்

எங்க மருந்தியல் சங்கத்துல ஒரு கூத்து உண்டு. வருஷத்துக்கு ஒருத்தரைச் சிறந்த ஆய்வாளர்னு தேர்ந்தெடுப்பாங்க, ஆனா பேரைக் கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க. மொதல்ல அவங்க செஞ்ச வேலையை மேடையில வாசிப்பாங்க, அப்புறம்தான் பேரு. பேரு சொன்னதும், "ஆட்சேபம் உள்ளவர் எழுந்து நிற்கலாம்"னு தலைவர் ஒரு தடவை சொல்லுவாரு. எங்க மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு, யாருக்காவது தடை உண்டான்னு கேக்குத மாதிரிதான். இதுவரைக்கும் ஒரு ஈ காக்கா எந்திரிச்சதில்ல.

இந்த வருஷம் கூட்டம் எங்க ஊர்லயே, துறைமுக ரோட்டுல ஒரு ஓட்டல்ல. எனக்குக் காலையில இருந்தே இருப்புக்கொள்ளல. வாங்கின காபி ஆறிப்போச்சு. முந்தானையில பின்னு குத்தி, கழட்டி, மறுபடியும் குத்தினேன். எங்கூட அதே காலேஜ்ல பாடம் எடுக்குத ஜாஸ்லின் என் தொடையில ஒரு தட்டு தட்டினா.

"ஏளா விஜிலா, காலை ஆட்டாம இரியேன். வரிசையே ஆடுது."

"உனக்கென்ன, சொல்லுவ."

எப்படி இருக்க முடியும்? வேம்பார் கடக்கரையில மீன்காரங்க வலையில மாட்டுத கூம்பு நத்தையோட விஷத்துல இருந்து வலிக்கு மருந்து தேடுததுதான் என் வேலை. ஆறு வருஷமா மீன் கவிச்சியோட பஸ் ஏறி அலைஞ்சிருக்கேன். ஒரு நத்தை கையுறையையும் தாண்டி என் இடது கட்டைவிரல்ல கொட்டிருச்சு. தோள் வரைக்கும் மரத்து ஆஸ்பத்திரியில கெடந்தேன். மறுநாளே ஆய்வுக்கூடத்துல போயி நின்னேன். அந்த விரல் நுனிக்கு இன்னைக்கும் சூடு தெரியாது. இந்தப் பட்டம் யாருக்கோ, அவங்க கையிலதான் புது ஆய்வுக்கூடம்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க. எனக்குக் கிடைக்கலன்னா என் நத்தைகளும் எனக்கில்ல.

எங்க துறைத்தலைவர் இன்பமணி சார் முன்வரிசையில புதுக் கோட்டுல உக்காந்திருந்தாரு. நத்தைன்னா பத்தடி தள்ளி நிக்குத மனுசன். காலையில என்னைப் பாத்து, "கர்த்தர் நல்லது செய்வாரு"ன்னாரு. நானும் நம்பினேன், கேனச்சி.

செயலாளர் பாலகணேஷ் வாசிக்க ஆரம்பிச்சாரு. கடல் நத்தை, நஞ்சு, வலி நிவாரணம். ஜாஸ்லின் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "ஆய்வின்போது நத்தையின் கொட்டுக்கு ஆளாகியும், மறுநாளே ஆய்வுக்கூடம் திரும்பியவர்..."

மாதாவே! நான்தான், வேற யாரு? பேரு வாரதுக்கு முன்னாலயே எந்திரிச்சிட்டேன்.

"டாக்டர் இன்பமணி!"

கைதட்டல். சார் மேடை ஏறிட்டாரு. நான் மட்டும் கூட்டத்துக்கு நடுவுல நிக்கேன். ஜாஸ்லின் சேலையைப் பிடிச்சு இழுக்கா.

"உக்காருளா, எல்லாரும் பாக்காங்க."

மூஞ்சியெல்லாம் எரியுது. பூமி பொளந்து உள்ள போயிர மாட்டோமான்னு இருந்துச்சு. உக்காரத்தான் போனேன், முட்டி பாதி மடங்கிருச்சு.

அதுக்குள்ள தலைவர் அற்புதமணி அம்மா, "ஆட்சேபம் உள்ளவர் எழுந்து நிற்கலாம்"னு வழக்கம்போல படிச்சிட்டு நிமிந்து பாத்தாங்க. என்னைப் பாத்ததும் கையிலிருந்த தாளைக் கீழ வச்சாங்க. கைதட்டலும் நின்னுபோச்சு.

"டாக்டர் விஜிலா... ஆட்சேபமா?"

இன்பமணி சார் சட்டுனு மைக்கைப் பிடிச்சாரு. "பிள்ள சந்தோசத்துல எந்திரிச்சிருச்சு. எங்க டிபார்ட்மென்ட்தானே!" எல்லாரும் சிரிச்சாங்க.

பிள்ளையாம்! நரைச்ச முடிக்கு மை போடுத வயசு எனக்கு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வேலையை எடுத்தது போதாதுன்னு நான் பட்ட வலியையுமா எடுப்பாரு இந்த மனுசன்? மடங்கின முட்டி நிமிந்துருச்சு.

"ஆமா மேடம், ஆட்சேபம்தான்." இடது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சார், நத்தை உங்களுக்கு எந்த விரல்ல கொட்டுச்சு?"

ஒருத்தரும் சிரிக்கல. சார் தன்னோட ரெண்டு கையையும் குனிஞ்சு பாத்தாரு.