கடைசி வரிசைக் கிழங்குகள்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் காய்கறியை அடையாளம் காட்டிக் கொடுத்தவர் சோலைமலைதான். சந்தேகம் இருந்தால் அவரையே கேட்கலாம், மறுக்க மாட்டார். திருத்தங்கல் ரோட்டில் ஒரு பிரஸ்ஸில் முப்பது வருஷம் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். 1987-இல் அவர் வரைந்த ‘காய்கறிகள்’ சார்ட் இன்றைக்கும் வகுப்புச் சுவர்களில் தொங்குகிறது. சூலக்கரையில் ஓர் ஆபீஸ் கிளார்க் அதிலிருந்த கத்தரிக்காயைக் காம்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்து நகம் பெயர்ந்து போனார் என்பார். கேட்பவர் நம்பவில்லை என்றால் இரண்டு நகம் என்பார்.

சார்ட்டில் ஒரே ஒரு குறை உண்டு. கடைசி வரிசையில் இரண்டே படம். ‘சேனைக்கிழங்கு’ என்ற எழுத்துக்கு மேலே, சிவந்த தோலும் கூம்பிய முனையுமாக ஒரு சீனிக்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி, சொகுசாகப் படுத்திருக்கும். ‘சர்க்கரைவள்ளிக்கிழங்கு’ என்று பக்கத்திலிருக்கும் எழுத்துக்கு மேலே, மண் அப்பிய யானைக்கால் மாதிரி சேனை உட்கார்ந்திருக்கும். பத்தாயிரம் பிரதி அச்சாகி ஓடிய பிறகுதான் அது கண்ணில் பட்டது. லாரி வாசலில் நின்றது, லோடு போய்விட்டது. அப்புறம் திருத்துவதற்கு யாரும் மெனக்கெடவில்லை. சேனை தெரிந்தவன் சார்ட்டைப் பார்ப்பதில்லை, சார்ட்டைப் பார்க்கிறவனுக்குச் சேனை தெரிவதில்லை.

தப்பு யாருடையது?

“ஃபிலிம் ஒட்டுனவன் கோட்டைச்சாமி. அவனுக்குச் சேனைக்கும் சீனிக்கிழங்குக்கும் வித்தியாசம் தெரியாது!”

கோட்டைச்சாமி அதே பிரஸ்ஸில், அச்சுக்குப் போகுமுன் படத்தின் ஃபிலிமை இடம் பார்த்து ஒட்டுகிறவர். கல்யாண வீடு, காதுகுத்து, பஸ் ஸ்டாப் எதையும் விட்டுவைக்காமல் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தார் சோலைமலை. சொல்லுக்குச் சொல் கதை வளர்ந்தது. கோட்டைச்சாமிக்குச் ‘சேனை’ என்றே பட்டப்பேர் விழுந்தது. அவர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட ‘சேனை வீடு எது?’ என்றுதான் வழி கேட்டார்கள்.

இந்தத் தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது பிரஸ்ஸிலிருந்து போன் வந்தது. பழைய முதலாளியின் பேத்தி நாகஜோதி இப்போது கம்பெனியைப் பார்க்கிறாள். சோலைமலை சட்டை மடிப்புக் கலையாமல் போய் இறங்கினார்.

“பெரியய்யா, கம்பெனிக்கு அம்பதாவது வருசம். உங்க சார்ட்டைத் திருத்திப் போடுறோம். கீழ ஓரத்துல வரைஞ்சவர் பேரும் ஃபிலிம் ஒட்டுனவர் பேரும் வரணும்னு ஆசை.”

“போடு தாயி, போடு. கொஞ்சம் பெரிய எழுத்தாவே போடு.”

அவள் கம்ப்யூட்டரில் கடைசி வரிசையைப் பெரிதாக்கினாள். “ஒவ்வொரு படத்துக்கு அடியிலயும் ‘சோ’ன்னு சின்னதாக் கையெழுத்துப் போட்டிருக்கீக. மத்த எல்லாத்துலயும் நேரா இருக்கு. இந்த ரெண்டுல மட்டும் கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பியிருக்கு, பாருங்க. எழுத்து தனி ஃபிலிம், அது நேரா இருக்கு. படத்தோட ஃபிலிமை மட்டும் யாரோ குப்புறப் போட்டிருக்காக. அதான் வலது இடதா மாறி, ரெண்டு கிழங்கும் இடம் மாறியிருக்கு. கிழங்கு தெரியாம வந்த தப்பு இல்ல இது. அன்னைக்கு ஒட்டுனது யாரு பெரியய்யா?”

“கோட்டைச்சாமிதான்.”

பழக்கதோஷம். யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது.

நாகஜோதி தலையாட்டினாள். “அவுககிட்டயும் நேத்து கேட்டேன். ‘சோலைமலை அண்ணாச்சி சொல்லுறதுதான். அவுகளையே கேட்டுக்கோங்க. என் பேரு மட்டும் அதுல வேண்டாம் தாயி’ன்னுட்டாக. சரி, உங்க பேரு மட்டும் போட்டுருவோம்.”

சோலைமலை வெளியே வந்து டவுன் பஸ் ஏறினார். வெடி ஆலை வேன்கள் சாயங்கால ஆட்களை ஏற்றிக்கொண்டு எதிரே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வழக்கமாகப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கதை ஆரம்பித்துவிடுகிறவர், அன்றைக்குத் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு போனார்.

சார்ட் அச்சாவதற்கு முந்தைய மூன்று வருஷம் இரண்டு பேரும் அப்படி இருந்தார்கள். ஒரே சைக்கிள், மிதிப்பது கோட்டைச்சாமி, பின்னால் உட்கார்ந்து வழி சொல்வது சோலைமலை. தெரிந்த வழிக்கே வழி சொல்வார். மை வாசனை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாலும் போகாத கையோடு இரண்டு பேரும் ஒரே கிளாஸ் டீயைப் பாதிப் பாதி குடிப்பார்கள். கோட்டைச்சாமி பாதிக்கு மேல் குடித்துவிடுவான். “ஏலே சோலை, நீ பேசிக்கிட்டே இருந்த, டீ ஆறிப் போகுமேன்னு குடிச்சேன்லே” என்பான். ஊரில் இரண்டு குடும்பமும் ஒன்றுக்கொன்று எட்டத்தில் நின்று பேசிப் பழகியவை. பிரஸ்ஸுக்குள் வந்தால் ‘ஏலே’க்கு ‘ஏலே’ சரியாய்ப் போகும்.

வரைவதற்கு நிஜக் காய்தான் வாங்கி வருவார்கள். வரைந்து முடித்ததும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த மே மாத வெயிலில் கடைசியாக மீந்தது ஒரு சேனையும் ஒரு சீனிக்கிழங்கும்தான். கோட்டைச்சாமிக்குப் பச்சைச் சீனிக்கிழங்கு என்றால் உயிர். கடித்தால் பால் வரும், நறுக்கென்று இனிக்கும். சேனை அப்படியா? புளி போட்டு அவித்து மிரட்டினால்தான் வழிக்கு வரும். பச்சையாய்த் தொட்டால் அரிப்பு கையையே பிடுங்கும்.

இருட்டறையில் சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சத்தில் உலகத்தில் உள்ள அத்தனையும் ஒரே நிறம். சோலைமலை தோல் சீவிய ஒரு துண்டை நீட்டினார். “இந்தாலே, சீனிக்கிழங்கு. தின்னு.”

சேனைத் துண்டு.

கோட்டைச்சாமி போட்ட சத்தத்தில் பக்கத்து ஊர்க் கண்மாயில் கொக்கெல்லாம் பறந்து போனது. நாக்கு தடித்து வாய்க்குள் இடமில்லாமல் ஆகிவிட்டது. புளியைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். சோலைமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தபிறகுதான் ஞாபகம் வந்தது, கடைசி வரிசை இன்னும் ஒட்டவில்லை, விடிந்தால் மிஷின் ஓடும். பார்த்த வேலைதானே என்று கண்ணாடி மேசையில் அவரே உட்கார்ந்தார். முதல் ஃபிலிமைக் குப்புறப் போட்டார். மற்ற மூன்று கலருக்கும் அதை வைத்தே அளவு பார்த்து, மூன்றையும் அழகாகக் குப்புறப் போட்டார்.

மறுநாள் முதலாளி ஷீட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார். “யாருலே ஒட்டுனது?” எல்லோரும் கோட்டைச்சாமியைப் பார்த்தார்கள். குற்றம் எந்தப் பக்கம் சாயும் என்பது கேட்காமலே தெரிந்த காலம். கோட்டைச்சாமி வாயைத் திறந்தான். வீங்கிய நாக்கில் ஒரு சொல்லும் உருப்படியாக வரவில்லை. ‘ழ்ழா… ழ்ழா…’ என்றான். பிரஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஏறிக்கொண்டுதான் சோலைமலை சொன்னார், “அவனுக்கு ரெண்டு கிழங்குக்கும் வித்தியாசம் தெரியலை மொதலாளி.”

கோட்டைச்சாமியை ஒரு வருஷம் பண்டல் தூக்கப் போட்டார்கள். நாக்கு சரியாகி அவன் பேசிய முதல் பேச்சு, “சோலைமலை அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிக்கோங்க.” மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. அன்றைக்குப் போன ‘ஏலே’ முப்பத்தெட்டு வருஷமாகத் திரும்பி வரவில்லை.

நாகஜோதியைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலையில் சோலைமலை சந்தையில் ஒரு கிலோ சேனையும் ஒரு கிலோ சீனிக்கிழங்கும் வாங்கிக்கொண்டு கோட்டைச்சாமி வீட்டுக்குப் போனார். வழி கேட்க வேண்டியிருந்தது. ‘சேனை வீடு’ என்று கேட்க நாக்கு எழவில்லை. நாலு தெரு சுற்றினார்.

“வாங்க அண்ணாச்சி. உக்காருங்க. சாப்பிட்டீகளா?”

“கோட்டை, அந்த ஃபிலிமை நான்தாம்லே ஒட்டுனேன்.”

“எனக்குத் தெரியாதாக்கும்? என் கை ஃபிலிமைக் குப்புறப் போடுமா? மொத நாளே பாத்தேன்.”

“ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை?”

“நான் சொல்ல ஆரம்பிக்கிறதுக்குள்ள நீங்க நூறு பேர்கிட்டச் சொல்லி முடிச்சுட்டீக. அதுவும் சிரிக்கச் சிரிக்க. நல்லாச் சிரிச்ச ஆளு நெசத்தைக் கேட்பானா?”

சோலைமலை பையை நகர்த்தி வைத்தார். “மன்னிச்சிரு.”

“இங்கன என்கிட்டச் சொல்லி என்ன அண்ணாச்சி? எங்கன சொன்னீகளோ அங்கன சொல்லுங்க.” கோட்டைச்சாமி பையை எட்டிப் பார்த்தார். “கிழங்கு இருக்கட்டும். நாளைக்கு டீ நேரத்துக்குப் பிரஸ்ஸுக்கு வாறேன்.”

அந்த ராத்திரி சோலைமலைக்குத் தூக்கம் இல்லை. அவர் மனைவி கருப்பம்மாள் கேட்டதற்கு, “எங்கிட்ட இருக்கிறதுலயே நல்ல கதையை நாளைக்குக் கொல்லப் போறேன்” என்றார். “ஒண்ணு போனா என்ன, ஒம்பது புளுகு இருக்குல்ல” என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நாலு மணிக்கு மிஷினை நிறுத்தினார்கள். நாகஜோதி, மிஷின்மேன் மாரிக்கண்ணன், பைண்டிங் பெண்கள், சொன்னபடி வந்து உட்கார்ந்திருந்த கோட்டைச்சாமி என்று இருபது பேர் இருப்பார்கள். சோலைமலை எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையை ஒரு சொல் கூட்டாமல் சொன்னார். கொக்கு பறக்கவில்லை, நகம் பெயரவில்லை. “சேனையைக் குடுத்து ஏமாத்துனது நான். ஃபிலிமைக் குப்புறப் போட்டது நான். பழியை அவன் மேல போட்டதும் நான். கோட்டைச்சாமி ஒட்டுன ஃபிலிம்ல ஒரு நாளும் தப்பு வந்ததில்ல.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

கோட்டைச்சாமி மடியிலிருந்த டிபன் டப்பாவைத் திறந்தார். “சரி அண்ணாச்சி. கண்ணை மூடி வாயைத் திறங்க. அன்னைக்கு எனக்கும்தான் கண்ணு தெரியலை.”

“ஐயோ, பெரியய்யாவுக்கு வயசாயிருச்சு, வேண்டாம்” என்றாள் நாகஜோதி.

“விடு தாயி. எனக்கு வேண்டியதுதான்.” சோலைமலை கண்ணை இறுக்கி மூடினார். குலசாமி பேரைச் சொன்னார். துண்டு வாய்க்குள் விழுந்தது. கடித்தார்.

நறுக்கென்றது. பால் கசிந்தது. இனித்தது.

சீனிக்கிழங்கு.

மெல்ல ஒரு கண்ணை மட்டும் திறந்தார். ஓர் அடி தூரத்தில் கோட்டைச்சாமியின் முகம். எல்லோரும் காத்திருந்தார்கள். “எப்படிலே இருக்கு?” என்றார் கோட்டைச்சாமி, சாதாரணமாக.

பதில் சோலைமலையின் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினார். சட்டென்று கன்னத்தை உப்ப வைத்தார், கண்ணில் நீர் வரவழைத்தார். அதற்கு அவ்வளவு சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. “ழ்ழா… ழ்ழா…” என்று கையை உதறினார்.

பிரஸ்ஸே அதிர்ந்தது. மாரிக்கண்ணன் மிஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “புளி, புளி!” என்று பைண்டிங் பெண்கள் ஓடினார்கள்.

“இருங்க, இருங்க, இதெல்லாம் ஒரு வீக்கமா?” கோட்டைச்சாமி ஸ்டூலை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அன்னைக்கு எனக்கு வீங்குனதைக் கேளுங்க. நாக்கு வாய்க்குள்ள அடங்காம மேல்துண்டுல சுத்தி வச்சிருந்தேன். திருத்தங்கல்லயிருந்து சிவகாசி வரைக்கும் ஒரு கடையில புளி கிடையாது, அம்புட்டும் எனக்கே தீந்துபோச்சு. பத்து நாளா ஊர்ல ரசமே வைக்கலை…”

ஒரு ராத்திரியும் மறுநாளும்தான் அந்த வீக்கம். சோலைமலைக்கு அது நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வார். உப்பிய கன்னத்தோடு உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே இருந்தார். கோட்டைச்சாமி கதையை நிறுத்தாமலே கை நீட்டி, அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்த டீயை எடுத்துப் பாதிக்கு மேல் குடித்தார்.