கண்ணாடிக் கூண்டில் மெழுகுதிரி

வன்னியில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி, கஜரூபனின் தாயார் கொப்பன்ஹேகன் தெருவில் குந்தியிருந்தார். கஜரூபனுக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது: கோல்டிங்குக்குப் பக்கத்தில், ரயில்களே மறந்துபோன சிக்னல் கோபுரத்தைச் சனத்துக்குச் சுற்றிக்காட்டுவது. அன்று வந்த சனம் தங்கமலர் மாமி. அவரைத் தனியே விடாதே என்று தாயார் சொல்லியிருந்ததால் அவனே கூட்டிவந்த சனம்.

மாமி போன மாரிக் குளிரில்தான் மட்டக்களப்பிலிருந்து வந்தவர். முள்ளிவாய்க்காலில் அகப்பட்ட தங்கச்சியிடமிருந்து வருசப்பிறப்புக்குப் பிறகு போன் இல்லை. மாமி அழவும் இல்லை, ஒழுங்காய்ச் சாப்பிடவும் இல்லை.

"கீழே செங்கல், மேலே நாலு பக்கமும் கண்ணாடி" என்று கஜரூபன் ஒப்புவித்தான். "ஒரு லீவரை இழுத்தால் மற்றது பூட்டிக்கொள்ளும். யேர்மன்காரர் இந்த நாட்டைப் பிடிச்சிருந்த காலத்தில ஆரோ கீழே சிக்னல் கம்பியளை வெட்டிப்போட்டினம். மேலே இருந்தவர் ஒண்டும் காணேல்லையாம்."

மாமி கேட்கவில்லை. ஜன்னல் விளிம்புகளில் வரிசையாக மெழுகுதிரிகள் எரிந்தன. தண்டவாளத்துக்கு அப்பால் வீட்டுக்கு வீடு ஜன்னலில் அதே வெளிச்சம்.

"தம்பி, இது எங்கட சனத்துக்கே?"

அன்று மே நாலு. யேர்மன்காரர் தோற்ற செய்தி வந்த அந்தப் பழைய மாலையை நினைத்து டென்மார்க் முழுக்கத் திரி ஏற்றும். அதைச் சொல்ல இரண்டு வசனம் போதும்.

"ஓம் மாமி" என்றான்.

மாமி அழுதார். அழுது முடித்து, கோபுரத்தைப் பராமரிக்கும் சங்கத்தின் தலைவர் பௌல் நீட்டிய கேக்கில் பாதியையும் தின்றார். தான் நல்ல பிள்ளை என்று கஜரூபனுக்கு ஒரு நிமிடம் தோன்றியது.

"அவருக்கு நன்றி சொல்லு."

மாமிக்குக் கட்டடம் பிடித்திருக்கிறது என்று டேனிஷில் சொன்னான். பௌல் பூரித்துப்போய், செங்கல் எந்தச் சூளையில் சுட்டது என்பதிலிருந்து தொடங்கினார்.

"என்னவாம்?"

"எங்கட துக்கத்தில தாங்களும் பங்காம்."

"கீழே செங்கல் சுவரையெல்லோ கையால காட்டினார்?"

"வீடு இடிஞ்ச சனத்தைச் சொல்லுறார் மாமி."

மாமி போனை எடுத்தார். "உன்ர அம்மாவுக்குச் சொல்லுவம். அங்க மைக்கில சொல்லட்டும். வீட்டுக்கு வீடு எங்களுக்கு விளக்கு வைச்சிருக்கினம் எண்டு சனம் அறியட்டும்."

கஜரூபன் அவர் கையைப் பிடித்தான். "வேண்டாம் மாமி. இது அவையின்ர பழைய சண்டை முடிஞ்சதுக்கு. நான் பொய் சொன்னனான்."

மாமி அவனை ஏசியிருக்கலாம். மிச்சக் கேக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"நல்ல நாளும் அதுவுமா நான் நிண்டு அழுதிட்டன். அந்த மனிசனிட்ட மன்னிப்புக் கேள்."

கஜரூபன் பௌலிடம் திரும்பினான். மாமியின் மன்னிப்பு வாயில் வரவில்லை. "பிழை என்னுடையது" என்று மட்டும் டேனிஷில் சொன்னான்.

பௌல் பதறிப்போய் லீவர்களைப் பார்த்தார். "எதைப் பிடித்து இழுத்தாய்?"

"என்னவாம் தம்பி?" என்றார் மாமி.