ஆறு கட்டை முடிச்சு

பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு பெலிக்ஸ் தன் மரப்புதிர் அலமாரியைத் திறக்கவே இல்லை. ராஜபாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் பட்டறை வைத்திருந்தவர். ஓய்ந்த நேரத்தில், ஒன்றுக்குள் ஒன்று பூட்டிய மரக்கட்டைகளைக் கழற்றி மாட்டுவதுதான் அவருடைய பிரியம். புதிதாக வரும் எந்தப் புதிரையும் அவர் தொடும் முன் வீட்டில் யாரும் தொடுவதில்லை.

எப்போதோ ஆர்டர் போட்ட புதிர் ஒன்று இப்போது கூரியரில் வந்தது. ஆறு கட்டைகள் கோத்த, கையடக்கமான முடிச்சு. இடது கையால் உருட்டிப் பார்த்துவிட்டு மனைவி ஜெபாவிடம் நீட்டினார்.

“நீ பிடி. நான் சொல்லச் சொல்ல இழு.”

இழுத்தாள்.

“அதில்ல, மேல உள்ளது. அம்புட்டு வேகமா இழுக்காத.”

“செத்த நேரம் சும்மா இருங்க” என்று அதைக் கைப்பைக்குள் போட்டாள் ஜெபா. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பிசியோதெரபிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது.

அங்கே அவர் உள்ளே ரப்பர் பந்தை அமுக்கிப் பழகிக்கொண்டிருக்க, வெளியே பெஞ்சில் ஜெபா முடிச்சைச் சும்மா திருகிக்கொண்டிருந்தாள். இரண்டு கட்டைகளை எதிரெதிரே ஒருசேரத் தள்ளியபோது மூன்றாவது நழுவி வந்தது. அவர் வெளியே வந்தபோது ஆறும் அவள் மடியில் கிடந்தன.

“நல்லது” என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து, பொறுமையாகப் பழையபடி மாட்டி அவரிடம் கொடுத்தாள்.

“எப்டின்னு சொல்ல மாட்டேன்.”

“ஒத்தக் கையால ஆகாது ஜெபா.”

“ஆகாட்டா அலமாரில வச்சிருங்க.”

அவர் வைக்கவில்லை. முட்டிகளுக்கிடையே இடுக்கிப் பார்த்தார். அது கீழே விழுந்தபோதெல்லாம், ஓடிப்போய் எடுத்துக் கொடுக்காமல் நிற்பது ஜெபாவுக்குக் கடினமாக இருந்தது.

ஒரு ஞாயிறு அவள் சர்ச்சிலிருந்து திரும்பியபோது, மேஜை டிராயரைப் பாதி இழுத்து, அந்த இடுக்கில் முடிச்சைக் கொடுத்து ஒரு கட்டையை நெஞ்சால் அழுத்திக்கொண்டிருந்தார் அவர். இடது கை எதிர்க் கட்டையைத் தள்ளியது. கட்டைகள் தரையில் சிதறின. சட்டை முழுக்க வேர்வை.

“தொறந்துட்டேன்.”

“பாத்தேன்.”

ஜெபா தரையில் உட்கார்ந்து கட்டைகளைப் பொறுக்கினாள்.

“திருப்பி மாட்டணும்லா” என்றார் அவர். “அதுக்குப் பிடிக்க ஆள் வேணும்.”

“வழி சொல்லவா, கை குடுக்கவா?”

“கை குடு. சொல்லிராத.”

அவள் முதல் கட்டையைப் பிடித்தாள்.