நான்காவது போன்

அண்ணனுடைய கடையில் நாய், பூனை, மீன், கிளி எல்லாவற்றுக்கும் தீனி கிடைக்கும். எந்த விளம்பரத்தைப் பார்த்து ஆட்கள் வருகிறார்கள் என்ற விவரம் மட்டும் கிடைக்காது. "விளம்பரம் போட்டா நாலு பேரு வருவாங்க, இதுல என்ன ஆராய்ச்சி வேண்டிக்கெடக்கு" என்பான். நான் அவனுக்கு நேர் எதிர். குத்துமதிப்பாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் மலிவாக நாலு போன் வாங்கினேன். பத்திரிகைக்குள் செருகி அனுப்பும் நோட்டீசில் ஒரு நம்பர், பேருந்தின் பின்பக்கம் ஒரு நம்பர், கால்நடை டாக்டர் வீட்டுப் பலகையில் ஒரு நம்பர். எந்த போன் அடிக்கிறதோ அந்த விளம்பரத்துக்கு நோட்டில் ஒரு கோடு. நான்காவது போன் 'காணவில்லை' போஸ்டர்களுக்கு. நாயையோ பூனையையோ தொலைத்தவர்களுக்கு நாங்கள் இலவசமாகப் போஸ்டர் அடித்துக் கொடுப்போம். அடியில் கடையின் பெயர் இருக்கும். அண்ணன் அதைத் தண்டச் செலவு என்றான். இல்லை என்று நிரூபித்தே தீருவது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

தையல்கார அக்கா வந்தது ஒரு புதன்கிழமை. அடுத்த தெருவில் தனியாக இருப்பவர். குட்டியாக இருந்தபோது சட்டைப் பொத்தானை விழுங்கிவைத்ததால் அவருடைய நாய்க்குப் பட்டன் என்று பெயர். முந்தைய நாள் இடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடியவன் திரும்பவில்லை. அக்கா தன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"உங்க நம்பர் வேண்டாம்க்கா. கண்டவனும் நேரங்காலம் இல்லாம கூப்பிடுவான். எங்க நம்பரையே போட்டுடறேன், சேதி வந்ததும் உங்ககிட்ட சொல்றேன்" என்றேன்.

அக்கறையில்தான் சொல்கிறேன் என்று நானே நம்பினேன். அழைப்பு அவருக்குப் போனால் என் நோட்டில் கோடு விழாது என்பதுதான் உண்மை. அவர் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

போஸ்டர் ஒட்டிய மூன்று நாளில் இருபத்து மூன்று கோடுகள். பேருந்துக்கு மாதம் முழுக்க ஒன்பதுதான். கூப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டனைப் பற்றிப் பேசவே இல்லை. மீன்தொட்டி இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்றுதான் கேட்டார்கள். சனிக்கிழமை கடை மூடும் நேரத்தில் நோட்டை அண்ணன் மூக்குக்கு நேரே நீட்டினேன். "சரி தாயே, நீ ஜெயிச்சுட்டே" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை காலை, பழைய பஸ் டிப்போவின் வாட்ச்மேன் கடைக்கு வந்தார். கையில் ஒரு நீலக் கழுத்துப் பட்டை இருந்தது.

"போஸ்டர்ல இருந்த நாயோடதுங்க இது. சனிக்கிழமை மத்தியானமே போன் பண்ணிச் சொன்னேனே. பின்னங்கால் ரெண்டும் அடிபட்டு டிப்போ பின்னாடி கெடந்துச்சு. ஒரு அம்மா எடுத்து, 'சரிங்க, சொல்லிடறேன்'னாங்க. நானும் தண்ணி வச்சேன், சாக்கு போத்திவிட்டேன். யாராவது நடந்து வந்தா தலையைத் தூக்கிப் பாக்கும். நேத்து சாயங்காலம் போயிடுச்சுங்க."

நோட்டைப் புரட்டினேன். சனிக்கிழமை, நான்காவது போனுக்கு எட்டுக் கோடுகள். எல்லாம் நான் போட்டவை. அவற்றில் எது அவருடைய அழைப்பு என்றுகூடத் தெரியவில்லை. மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. கிளித் தீனியை நிறுத்துக்கொண்டிருந்தேன்; தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்; எதிரில் நாலைந்து பேர். கோட்டைப் போட்டுவிட்டு அடுத்த போனை எடுத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

வாட்ச்மேன் போனபின் அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "போன் வந்ததை விட்டுடு. செத்துக் கெடந்துச்சுன்னு மட்டும் சொல்லு. அந்தம்மாவுக்கும் அதுதான் நல்லது."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. போகிற வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அக்கா பள்ளிச் சீருடை ஒன்றுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். பட்டையைப் பார்த்ததும் ஊசியைத் துணியில் குத்திவைத்தார். நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"உடனே போயிட்டானா? கஷ்டப்பட்டானா?"

'உடனே போயிட்டான்க்கா' என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதல். எனக்கு அதைவிடப் பெரிய ஆறுதல். அந்தக் கணத்தில் என்னை நானே வெறுத்தேன்.

"இல்லக்கா. நேத்து சாயங்காலம் வரைக்கும் உயிரோட இருந்தான். சனிக்கிழமை மத்தியானமே எனக்குப் போன் வந்துச்சு. எத்தனை போன் வருதுன்னு எண்ணிக்கிட்டிருந்தேன். என்ன சொன்னாங்கன்னு மனசுல வாங்கல. உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் பட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எந்த இடம்?"

"பழைய டிப்போ பின்னாடிக்கா."

"பத்து நிமிஷ நடை" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "சனிக்கிழமை மத்தியானம் எனக்கு வேலையே இல்லம்மா. வாசப்படியில சும்மாதான் உக்காந்திருந்தேன்."