கொளஞ்சியப்பன் இலை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சித்திரையில் அந்த வாய்தான் என் தம்பி கொளஞ்சியப்பனைக் குடும்பத்தோடு நைனார்பாளையத்துக்கு, அவன் மாமனார் வீட்டுக்கு, விரட்டியது. கிணற்று மோட்டாரை யார் எப்போது போடுவது என்று ஆரம்பித்த சண்டை. "உன் அடுப்புப் பொகைகூட என் கண்ல படக் கூடாது, போடா" என்றேன். போய்விட்டான். ஊர் கூடி, கூட்டுக் குடும்பமாக இருந்த எங்கள் ஓர் அடுப்பை இரண்டு அடுப்பாக்கியது. தண்ணீர் எனக்கு மூன்று நாள், அவனுடைய பாகத்துக்கு மூன்று நாள்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிறது. புரட்டாசி முதல் சனிக்கிழமை ஊரே பெரும்பாறைக்குப் போய்ச் சமைத்து, அங்கேயே பந்தி போட்டுச் சாப்பிடும். அடுப்புக்கு ஒரு படி அரிசி. எல்லார் அரிசியும் ஒன்றாக வேகும். அரிசி போட்ட ஒவ்வோர் அடுப்பிலிருந்தும் ஓர் ஆளாவது இலையில் உட்கார்ந்தால்தான் 'கோவிந்தா' சொல்லலாம். கோவிந்தா சொல்லாமல் ஒருவரும் சோற்றில் கை வைக்கக் கூடாது. பாட்டன் பூட்டன் காலத்துக் கட்டு இது.

அந்த வருஷம், எண்பத்தேழில், வியாழக்கிழமையே இடஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கிவிட்டது. சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. ஆனால் தம்பியின் ஒரு படி அரிசி அதற்கு முந்தின வாரமே ஆள் மூலமாக வந்து சேர்ந்திருந்தது. சனிக்கிழமை பாறையில் அதுவும் அண்டாவில் வெந்துவிட்டது. என் இலைக்குப் பக்கத்தில் அவன் இலை. சோறு, மொச்சைக் குழம்பு, பூசணிப் பொரியல் எல்லாம் வைத்தாகிவிட்டது. ஆள்தான் இல்லை.

"அவன் எங்க வரப் போறான்? பஸ்ஸே ஓடல. சாப்புடுங்கப்பா" என்றேன்.

"இன்னா பேசற செல்லமுத்து?" என்றார் ஊர்த்தலைவர் பழனி. "வரன்னுதான அரிசி குடுத்தனுப்பிச்சான்? காத்திருக்க முடியாதுன்னா அவன் அடுப்ப உன் அடுப்போட சேத்துக்க. வேற வழி கெடையாது."

சேர்ப்பதென்றால் சும்மா இல்லை. அவன் இலைச் சோற்றை என் கையால் என் இலைக்கு அள்ளி, அவன் இலையை மூடி, ஊர் கேட்க 'ஒரே அடுப்பு' என்று சொல்ல வேண்டும். அதன்பிறகு பாகம் கிடையாது. ஆறு நாள் தண்ணீரும் பொது. சண்டை போட்டு வாங்கியதை விட்டுக்கொடுக்க நான் என்ன இளிச்சவாயனா? கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் சாய்ந்தது. குழம்பில் ஆடை படிந்தது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். பிள்ளைகள் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் விரதக்காரி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள். அவள் எழுந்து வந்து, தம்பி இலையில் ஈ உட்காராமல் முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள்.

அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடேங்கப்பா! முந்நூறு பேர். எதிரே சோறு. நான் போடா என்று விரட்டின ஒருத்தனுக்காக முந்நூறு பேரும் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வருஷா வருஷம் இதே பாறையில் சாப்பிட்டவன்தான் நான். இந்தக் கட்டு இவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது. பயமாகக்கூட இருந்தது.

"உங்க ரோசத்துக்கு ஊரே பட்டினி கெடக்கணுமா?" என்றாள் என் மனைவி ராணியம்மாள், மெதுவாக.

எழுந்தேன். தம்பி இலைச் சோற்றை இரண்டு கையாலும் என் இலைக்கு அள்ளினேன். அவன் இலையை மூடினேன். "ஒரே அடுப்புதாம்பா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் கத்திச் சொன்னேன்.

"கோவிந்தா!" என்று ஊரே போட்ட சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது.

எல்லார் கையும் சோற்றுக்குப் போன நேரம், பாறைச் சரிவில் ஓர் ஆள் தலை தெரிந்தது. கொளஞ்சியப்பன்! முழங்கால் வரைக்கும் சேறு, அறுந்த செருப்பு கையில். கோழி கூப்பிடக் கிளம்பி, கிடந்த மரமெல்லாம் ஏறித் தாண்டி நடந்தே வந்திருக்கிறான். வந்தவன் மூடிய இலையைப் பார்த்து நின்றுவிட்டான்.

"என் எலைய யாரு மூடனது?"

"நான்தான்" என்றேன்.

"அரிசி குடுத்தும் எனக்கு எடம் இல்லயாண்ணே?" முகம் செத்துப்போய்த் திரும்பினான்.

"எங்கடா போற?" என்று பழனி அதட்டினார். "மூடன எலைய தொறக்கறது கெடையாது. உன் சோறு உங்கண்ணன் எலையில கீது. ஒரே அடுப்புன்னு ஊர் கேக்க சொல்லிட்டான். ஒக்காருடா."

அவன் என்னைப் பார்த்தான். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. கை கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தான். நாங்கள் ஒரே இலையில் சாப்பிட்டு இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

"நாளைக்கித் தண்ணி யார் மொறண்ணே?" என்றான், சோற்றைப் பார்த்தபடி.

"மொறயாவது மண்ணாவது. மொதல்ல சாப்புடு."

சோற்றைப் பிசைந்தான். நான் நிமிர்ந்து பார்த்தேன். கோவிந்தா சொல்லியாகிவிட்டது, கட்டு தீர்ந்துவிட்டது, ஆனாலும் முந்நூறு பேரில் ஒருவர் கை வாய்க்குப் போகவில்லை. என் தம்பி முதல் கவளத்தை விழுங்கிய பிறகுதான் ஊர் சாப்பிட்டது.