வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வா

மிஷன் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, ஹால் சுவரில் கரும்பலகை மாட்டி, மகள் ஆன்மேரிக்கு வீட்டிலேயே பாடம் எடுக்கிறேன். வீடு என்றால் ஒழுங்கு வேண்டாமா? ஒன்பது மணிக்கு ஜெபம், பிறகு கணக்கு. பாட வேளையில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். அவளோ வகுத்தல் கணக்குக்கு நடுவில் எழுந்துபோய் முறுக்கு டப்பாவைத் திறக்கிறாள்.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. பழைய வாய்ப்பழக்கத்தில் கத்திவிட்டேன்.

"நாளைக்கு உங்க வீட்ல இருந்து யாரையாச்சும் கூட்டிட்டு வா. அப்பத்தான் கிளாசுக்குள்ள விடுவேன்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆனாலும் டீச்சர் சொன்ன சொல்லை மாற்றலாமா?

இன்று காலை ஹால் கதவு தட்டப்பட்டது. ஆன்மேரி தன் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். திருமங்கலம் பஸ்ஸுக்குக் கிளம்பிய மனிதர், சாப்பாட்டுப் பையோடு பவ்யமாக நிலைப்படியிலேயே நின்றார்.

"உள்ள வரலாமா டீச்சர்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "உங்க பொண்ணு ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குது சார். எதுத்து எதுத்துப் பேசுது."

அவர் மகளை ஒரு முறை முறைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் என்ன செய்யட்டும் டீச்சர்? எல்லாம் அவ அம்மா குடுக்குற செல்லம். அந்தப் பொம்பளைக்கே வாய் கொஞ்சம் ஜாஸ்தி."

நான் எறிந்த டஸ்டர் தெருவில் போய் விழுந்தபோது, அவர் தெரு முக்கைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

ஆன்மேரி சத்தமில்லாமல் உள்ளே வந்து, கணக்குப் புத்தகத்தை விரித்து, முதல்முறையாக ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாள்.